பயிற்சித் தளத்தில் லேசர்: கண்களைக் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது எனக்கு ஒரு துணை உண்டு. ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்ற சுபேதார், ஆம்பூர் பக்கத்துக்காரர். அந்தப் படையின் மையம் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராணுவத்தில் அந்தப் படையினருக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’தான். போன மாதம் ஒரு நாள் நடந்துகொண்டே கேட்டார்.

“தம்பி, என் தங்கச்சி மவன் உங்க வேலைதான் பாக்குறான். ராஜஸ்தான்ல ஏதோ ரேஞ்சுக்கு டிரையலுக்குப் போறானாம். லேசர் கருவியாம். அதுல என்ன ஆபத்து இருக்கப் போவுது? குண்டா போடுது?”

“குண்டு எங்கேயாவது தரையில விழுந்துடும் சாப். ஒளி விழாது. ஏதாவது மறிக்கிற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்” என்றேன்.

அவர் நின்றுவிட்டார். எத்தனையோ ரேஞ்சுகளில், அதாவது சுடும் பயிற்சித் தளங்களில், சிவப்புக் கொடி ஏற்றி இறக்கிய மனிதர். “அப்போ, பின்னாடி மேடு இல்லேன்னா?” என்று கேட்டார். லேசர் பாதுகாப்பில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அவருடைய மருமகனுக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை விரித்து இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் ஜாலஹள்ளி, சி.வி. ராமன் நகர், விமானபுரா பக்கம் ராணுவ லேசர் கருவிகள் செய்யும் இந்தத் துறையில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். கருவியைச் செய்யத் தெரிந்த அளவுக்கு, அதை வெட்டவெளியில் இயக்கும்போது என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் கருவியின் எண்களை அதன் ஆவணத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும். எந்த ரேஞ்சுக்குப் போனாலும் அங்குள்ள ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது நிலையான உத்தரவுதான் கடைசி வார்த்தை.

ஏன் கண்ணுக்கு மட்டும் இவ்வளவு பயம்

400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண் உள்ளே விடும். உள்ளே விடுவதோடு நிற்காமல் குவிக்கவும் செய்யும். கருவிழியும் லென்ஸும் சேர்ந்து ஒரு நேர்கற்றையை விழித்திரையில் 10, 20 மைக்ரான் அளவுள்ள புள்ளியாகச் சுருக்கிவிடுகின்றன. கண்ணின் வாசலில் இருந்ததைவிட விழித்திரையில் ஒளியின் செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. தோலில் பட்டால் ஒன்றும் தெரியாத ஒளி விழித்திரையைச் சுட்டுவிடுவது இதனால்தான்.

இதில் 400 முதல் 700 வரை நாம் பார்க்கும் நிறங்கள். 700-க்கு மேல் 1400 வரை உள்ளது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் நியோடிமியம்-யாக் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். அது விழுவது சரியாக இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதியில்.

1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை ரூபிக் கல்லில் எரிய வைத்தார். படைகளுக்கு முதலில் வந்த தூரமானிகளும் ரூபி லேசர்கள்தான். 694 நானோமீட்டர், சிவப்பு, பளிச்சென்று தெரியும். பிறகு நியோடிமியம் வந்தது. திறன் கூடியது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த எச்சரிக்கை போய்விட்டது. 1999 கார்கில் போரில் மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில்லில் லேசர் வழிகாட்டும் குண்டுகளைப் போட்டபோது இலக்கைச் சுட்டியது லேசர் கற்றைதான். 2020-இல் அகமதுநகர் கே.கே. ரேஞ்சில் அர்ஜுன் டாங்கியில் இருந்து லேசர் வழிகாட்டும் ஏவுகணையைச் சோதித்தபோதும் அப்படித்தான். அந்த மாதிரிக் கற்றை பாயும் திசையில் நின்றால் எதுவும் தெரியாது. கண் சிமிட்டத் தோன்றாது. தோன்றினாலும் பயனில்லை. கண் சிமிட்ட கால் விநாடி ஆகும். இந்த லேசர் துடிப்பு துடிப்பாகப் பாய்வது. ஒரு துடிப்பு 10, 20 நானோவிநாடியில் முடிந்துவிடும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன லேசர்?

கருவியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ஐ.இ.சி. 60825-1 என்ற தரத்தின்படி வகுப்பு எண் அதில் இருக்கும். வகுப்பு 1 சாதாரணப் பயன்பாட்டில் பாதுகாப்பானது. வகுப்பு 2 என்பது 1 மில்லிவாட் வரையுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளி. கண் சிமிட்டலே அதற்குக் காப்பு. 3ஆர் கவனமாகக் கையாள வேண்டியது. 3பி நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்து. வகுப்பு 4-இல் சொரசொரப்பான சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கிட்டத்தில் ஆபத்தாகலாம். பெரும்பாலான டெசிக்னேட்டர்கள், அதாவது இலக்கைச் சுட்டும் லேசர்கள், இந்த வகுப்பு 4-தான்.

ரேஞ்சில் அதிகம் ஏமாற்றுவது 1எம், 2எம் என்று ‘எம்’ போட்ட வகுப்புகள். வெறும் கண்ணுக்குப் பாதுகாப்பு, பைனாகுலர் வழியாகப் பார்த்தால் பாதுகாப்பில்லை என்பது அதன் பொருள். பயிற்சித் தளத்தில் பைனாகுலர் இல்லாத ஆள் யார்? அங்கே ‘எம்’ வகுப்பை எப்போதும் ஆபத்தான பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இன்றைய கருவிகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு, மூன்று லேசர்கள் இருக்கும். தூரம் அளக்க ஒன்று, இலக்கைச் சுட்ட ஒன்று, இரவுக் கண்ணாடியில் தெரியும்படி புள்ளி காட்ட ஒன்று. சுவிட்ச் எந்த நிலையில் இருந்தால் எது பாயும் என்பதைப் பழக்கத்தை நம்பி விடாமல் கையேட்டில் பார்த்து எழுதி வையுங்கள். போலிச் சண்டைப் பயிற்சியில் துப்பாக்கி முனையில் மாட்டும் 905 நானோமீட்டர் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் வகுப்பு 1. அதே துப்பாக்கியில் மாட்டும் அகச்சிவப்புக் குறிக்கருவி 3பி-யாக இருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு டப்பாதான்.

‘ஐ-சேஃப்’ என்று எழுதியிருக்கும் 1540, 1570 நானோமீட்டர் கருவிகள் நிஜமாகவே பெரிய முன்னேற்றம். அந்த ஒளியைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிவிடுகிறது, விழித்திரை வரை விடுவதில்லை. 1064-க்கு ஒரு சதுர செ.மீ.க்கு மைக்ரோஜூல் கணக்கில் இருக்கும், கண்ணில் படலாம் என்று விடும் அனுமதி அளவு இங்கே 1 ஜூல். ஆனாலும் வகுப்பு எண்ணைப் பார்க்காமல் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். ஆற்றல் அதிகமானால் கருவிழியைச் சுட்டுவிடும்.

இரண்டாம் படி: எவ்வளவு தூரம் வரை ஆபத்து?

இந்தக் கணக்கைச் சாதாரண கால்குலேட்டரிலேயே போடலாம். கண்ணுக்கு ஆபத்துள்ள தூரத்தைத் துறையில் என்.ஓ.எச்.டி. என்பார்கள். அந்தத் தூரத்துக்கு அப்பால் வெறும் கண்ணோடு நின்றால், கற்றை நேராகப் பட்டாலும் அனுமதி அளவை மீறாது. அந்த அனுமதி அளவுக்குப் பெயர் எம்.பி.ஈ.

வேண்டியவை நான்கு: ஒரு துடிப்பின் ஆற்றல், கற்றை விரியும் கோணம், கருவியை விட்டு வெளியேறும்போது கற்றையின் விட்டம், எம்.பி.ஈ. ஆற்றலை 1.27 ஆல் பெருக்கி எம்.பி.ஈ. ஆல் வகுக்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்து, கற்றையின் விட்டத்தைக் கழித்து, விரிகோணத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு டெசிக்னேட்டரை எடுத்துக்கொள்வோம். துடிப்புக்கு 80 மில்லிஜூல், விரிகோணம் 0.3 மில்லிரேடியன், வெளியேறும் விட்டம் 5 செ.மீ. எம்.பி.ஈ. ஒரு சதுர செ.மீ.க்கு 2 மைக்ரோஜூல். 0.08-ஐ 1.27 ஆல் பெருக்கி 0.000002 ஆல் வகுத்தால் 50,800. வர்க்கமூலம் 225 செ.மீ. 5 போக 220. அதை 0.0003 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7,33,000 செ.மீ., அதாவது 7.3 கி.மீ.

இப்போது ஒரு சிறிய தூரமானி. 10 மில்லிஜூல், 1 மில்லிரேடியன், விட்டம் 2 செ.மீ. இதே கணக்கில் 780 மீட்டர் வருகிறது. ஆற்றல் எட்டில் ஒரு பங்காகத்தான் குறைந்தது, தூரமோ ஒன்பதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கற்றை எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு தூரம் ஆபத்து போகும் என்பதற்காகத்தான் இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

பழைய கருவியோடு வரும் பழைய தாளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1064 நானோமீட்டரில் நானோவிநாடி அளவுள்ள ஒற்றைத் துடிப்புக்கு முன்பு 5 மைக்ரோஜூல் என்று இருந்த அளவு, 2014-இல் வந்த பதிப்புகளில் 2 ஆகக் குறைந்தது. மேலே சொன்ன அதே டெசிக்னேட்டருக்குப் பழைய அளவில் 4.6 கி.மீ.தான் வரும். அடுத்தடுத்து வரும் துடிப்புகளுக்கான விதியும் மாறியிருக்கிறது. எந்த ஆண்டின் அளவை வைத்துப் போட்ட கணக்கு என்று பார்த்து, புதிதாக ஒரு முறை போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பைனாகுலர்

என்னைக் கேட்டால் இந்தப் படிக்காகவே தனி வகுப்பு வைக்க வேண்டும்.

7×50 பைனாகுலரின் முன்லென்ஸ் 50 மி.மீ. அகலம். இருட்டில் நன்றாக விரிந்த நம் கண் பாவை 7 மி.மீ. முன்லென்ஸில் விழும் ஒளி முழுவதையும் சேர்த்து அந்த 7 மி.மீ.க்குள் தள்ளிவிடுகிறது பைனாகுலர். பரப்பில் இது ஏறத்தாழ 50 மடங்கு. கண்ணாடியில் கொஞ்சம் வீணாவதைக் கழித்தாலும், ஆபத்துத் தூரம் சுமார் 6 மடங்காகிறது. அந்தச் சின்னத் தூரமானியின் 780 மீட்டர் 4.7 கி.மீ. ஆகிவிடும். டெசிக்னேட்டரின் 7.3 கி.மீ. கணக்குப்படி 44 கி.மீ. காற்றும் தூசியும் கொஞ்சம் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் மழை ஓய்ந்த மறுநாள், கண்ணாடி மாதிரி தெளிந்த காற்றில், அது பெரிதாகத் தின்னாது.

ஆகவே ரேஞ்சில் உள்ள ஒவ்வொரு பைனாகுலரையும் டெலஸ்கோப்பையும் குறிபார்க்கும் சைட்டையும் பட்டியல் போடுங்கள். லேசர் ஃபில்டர் உள்ளவை எவை, இல்லாதவை எவை? இருந்தால் எந்த அலைநீளத்துக்கு? ஃபில்டர் இல்லாததை லேசர் இயக்கம் முடியும் வரை பெட்டியில் பூட்டி, சாவியைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். திரையில் படம் காட்டும் கேமரா சைட்டில் ஒளி கண்ணுக்கு நேராக வராது. அது கண்ணுக்கு நல்லது, கெடுவது கேமராவாகத்தான் இருக்கும். இரவுக் கண்ணாடியும் அப்படித்தான். ஆனால் அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று எண்ணி மாட்டிக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் கண் திறந்தேதான் இருக்கிறது.

நான்காம் படி: வரைபடமும் மேடும்

சுபேதார் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். 7.3 கி.மீ. வரை ஆளே இல்லாத நிலம் எல்லா ரேஞ்சிலும் கிடைக்காது. மேடோ, குன்றோ, மண்சுவரோ இருந்தால் கற்றை அங்கேயே முடிந்துவிடும். இலக்கை எப்போதும் ஒரு மேட்டின் முன்னால் வைக்க வேண்டும் என்பது அதனால்தான். வானம் பின்னணியாகத் தெரியும் இலக்கை லேசரால் சுட்டவே கூடாது.

மேடு இருந்தால் மட்டும் போதாது. குறி எவ்வளவு ஆடும் என்பதைச் சேர்க்க வேண்டும். கணக்கு எளிது: 1 மில்லிரேடியன் என்றால் 1 கி.மீ.யில் 1 மீட்டர். அமெரிக்கப் படைகளின் வழக்கத்தில் முக்காலியில் நிற்கும் கருவிக்குக் குறிக்கோட்டின் எல்லாப் பக்கமும் 2 மில்லிரேடியனும், கையில் பிடிப்பதற்கு 10 மில்லிரேடியனும் ஒதுக்குவார்கள். ஓடும் வண்டி, பறக்கும் விமானம் என்றால் அதற்குத் தனி அளவு.

இதை நிலத்தில் வைத்துப் பாருங்கள். 3 கி.மீ. தூரத்தில் ஒரு குன்று. இலக்கு குன்றின் உச்சிக்கு 20 மீட்டர் கீழே. முக்காலியில் வைத்தால் தேவைப்படும் இடைவெளி 6 மீட்டர், தாராளமாக இருக்கிறது. கையில் பிடித்தால் 30 மீட்டர் வேண்டும். உச்சிக்கு மேல் 10 மீட்டர் வானத்துக்குப் போய்விட்டது. அதே இலக்கு, அதே லேசர், கையில் பிடித்த ஒரே காரணத்தால் அனுமதி இல்லை.

வரைபடத்தில் இப்படி ஒவ்வொரு சுடும் இடத்தில் இருந்தும் ஒரு விசிறி வரையுங்கள். அந்த விசிறிக்குள் வரும் சாலை, கிணறு, மேய்ச்சல் தடம், காவல் கோபுரம், பக்கத்து ரேஞ்சின் பார்வைக் கூண்டு எல்லாவற்றையும் குறியுங்கள். நம் நாட்டில் களப் பயிற்சிக்கு ஒதுக்கும் நிலம் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவது. எல்லை காகிதத்தில் தெளிவாக இருக்கும். ஆனால் ஆடு மேய்ப்பவருக்கும், பித்தளையும் இரும்பும் பொறுக்க வருபவருக்கும் அந்தக் காகிதம் தெரியாது. அவர்களுக்குக் கண்ணாடியும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அவர்கள் மேல் போட நமக்கு உரிமை இல்லை. விசிறிக்குள் ஒரு ஆள் தெரிந்தால் எல்லாம் நிற்க வேண்டும்.

வானமும் வரைபடத்தில் சேர்த்திதான். கற்றை மேலே தப்பும் சாத்தியம் இருந்தால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும்.

ஐந்தாம் படி: நடந்து பாருங்கள்

அல்சூர் ஏரியில் மாலை வெயில் தாழும்போது ஒரு நாள் தண்ணீரைக் கவனியுங்கள். உச்சி வெயிலில் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர், வெயில் சாய்ந்ததும் கண் கூச வைக்கும். ஒளி சாய்வாகப் படப்படப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும், கிட்டத்தட்ட முழு ஒளியும் திரும்பிவிடும். ரேஞ்சில் மழைக்குப் பிறகு தேங்கும் குட்டையும் இதையேதான் செய்யும். தரையோடு தாழ்வாக வரும் கற்றையை அப்படியே எடுத்து, மேட்டுக்கு மேலே வானத்தில் எறிந்துவிடும். நேற்று சரியாக இருந்த மேடு இன்று மழை பெய்ததால் சரியில்லாமல் போகலாம்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி நேராகப் படும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பும். குறைவாகத் தோன்றும். நம் டெசிக்னேட்டருக்குக் கணக்குப் போட்டால், போய்த் திரும்பும் மொத்தப் பாதையில் 2 கி.மீ. வரை அந்த 8 சதவீதமே வெறும் கண்ணுக்கு ஆபத்து. இலக்கு 1 கி.மீ.யில் இருந்தால், அதன் கண்ணாடியில் பட்டுத் திரும்புவது சுட்டவர் நிற்கும் இடம் வரை ஆபத்தோடு வந்து சேரும்.

அதனால் சுடுவதற்கு முன் இலக்குப் பகுதியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். இலக்காக நிறுத்தியிருக்கும் பழைய லாரியின் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, விளக்குகள், பின்னால் ஒட்டிய சிவப்புப் பிரதிபலிப்பான் எல்லாவற்றையும் கழற்றுங்கள், அல்லது மண் குழைத்துப் பூசுங்கள். தட்டையான பளபளப்பு தூரத்துக்கு ஆபத்தைக் கொண்டுபோகும். குண்டுவிளக்கு போல வளைந்தது ஒளியைச் சிதறடிக்கும், அதனால் கொஞ்சம் பரவாயில்லை. பாட்டில் துண்டு, வெள்ளி நிற பிஸ்கட் உறை, நசுங்கிய தகரம், இவற்றையும் பொறுக்குங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், சுடும் இடத்தில் நின்று வெறும் கண்ணால் இலக்குப் பக்கம் பாருங்கள். எது மினுங்குகிறதோ அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆள் அனுப்புங்கள்.

ஆறாம் படி: கண்ணாடி

பாதுகாப்புக் கண்ணாடியில் இரண்டு எண்களைப் பாருங்கள்: அலைநீளம், ஓ.டி. ஓ.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும். 80 மில்லிஜூலும் முழுதாகப் பாவைக்குள் போவதாக வைத்துக் கணக்கிட்டால், தேவை 5-க்குச் சற்று மேலே வருகிறது. நான் 6-க்குக் குறைந்ததை எடுக்க மாட்டேன்.

பச்சை லேசருக்கான ஆரஞ்சு நிறக் கண்ணாடி 1064-ஐக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விடலாம். 1064-க்கான சில கண்ணாடிகள் பார்ப்பதற்கு நிறமே இல்லாதது போல இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் கண்ணாடி எந்த லேசருக்கும் கண்ணாடி ஆகாது. கீறல், வெடிப்பு, ஓரத்தில் இடைவெளி இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் காட்டுவேன். எல்லோரும் கண்ணாடி மாட்டிய பிறகு, கறுத்த போட்டோ காகிதம் ஒன்றைத் தாங்கியில் செருகி, கருவியை ஒரே ஒரு முறை இயக்குவேன். எந்த ஒளியும் தெரியாது. ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும், நகத்தால் மேசையைச் சுண்டியது போல. காகிதத்தில் வெளுத்த வட்டம் ஒன்று விழுந்திருக்கும். அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கண்ணாடி மாட்டு என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

ஏழாம் படி: சுடும் நாள்

லேசர் பாதுகாப்புக்கென்று ஒரே ஒரு அதிகாரி இருக்க வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. அனுமதித்த இலக்கு, அனுமதித்த சுடும் இடம், அனுமதித்த நேரம், இந்த மூன்றும் பொருந்தினால்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பேட்டரியைப் போடுவதும் அதற்குப் பிறகுதான்.

கட்டளைச் சொற்கள் முன்பே முடிவாக வேண்டும். நேட்டோ படைகளில் ‘டென் செகண்ட்ஸ்’ என்றால் தயாராகு, ‘லேசர் ஆன்’ என்றால் இயக்கு, ‘லேசிங்’ என்றால் இயங்கிக்கொண்டிருக்கிறது, ‘சீஸ் லேசர்’ என்றால் உடனே நிறுத்து. எந்தச் சொல் என்பதைவிட, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பதுதான் முக்கியம்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வடக்கே ரேஞ்சில் எல்லாம் இந்தியில் நடக்கும். பெங்களூரில் கன்னடமும் இங்கிலீஷும் வைத்துச் சமாளித்த பையன் அங்கே வாய் திறக்கத் தயங்குவான். ஆபத்தைப் பார்த்தும், சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று ஒரு விநாடி நின்றுவிடுவான். காலையில் எல்லோரையும் கூட்டும்போதே ‘ரோக்கோ’, ‘ஸ்டாப்’, ‘நிறுத்து’ எது காதில் விழுந்தாலும் நிறுத்த வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமை சமையல்காரர் வரை எல்லோருக்கும் உண்டு. சொன்னது தப்பாக இருந்தாலும் அவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது.

இடைவேளையில் கருவியை ஆட்கள் பக்கம் திருப்பாதீர்கள், அணைத்திருந்தாலும். முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, மூடியைப் போட்டு, பதிவேட்டில் எத்தனை முறை இயக்கினோம் என்று எழுதிய பிறகுதான் ‘லேசர் முடிந்தது’ என்று அறிவிக்க வேண்டும். பூட்டிய பைனாகுலர்கள் அதற்கு அப்புறம்தான் வெளியே வரலாம்.

1995-இல் வியன்னாவில் ஏற்றுக்கொண்ட ஒரு சர்வதேச உடன்படிக்கை, கண்களைக் குருடாக்குவதற்கென்றே செய்த லேசர் ஆயுதங்களைத் தடை செய்கிறது. இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. மற்ற லேசர்களைப் பயன்படுத்தும்போது நிரந்தரக் குருட்டுத்தன்மை வராமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், படையினருக்குப் பயிற்சி கொடுப்பதும் அதில் சேரும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. நாம் செய்யும் இந்த வேலை எழுத்து வேலையோ சடங்கோ இல்லை என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

எட்டாம் படி: பட்டுவிட்டால்

பல வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த இளைஞன் ஒருவன், வெளிச் சோதனையில் ஃபில்டர் இல்லாத பழைய டெலஸ்கோப் வழியாக இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் அதே நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். தலைக்குள் ‘டப்’ என்று கேட்டது என்றான். வலி இல்லை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. ஏதோ தூசி என்று நினைத்து, திட்டு வாங்கப் பயந்து, நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பேப்பர் படிக்கும்போது, எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அந்த எழுத்தின் மேலேயே ஒரு சாம்பல் புள்ளி வந்து உட்கார்ந்தது. கண்ணை நகர்த்தினால் புள்ளியும் கூடவே நகர்ந்தது. ‘அண்ணே, பார்க்கிற எழுத்து மட்டும் தெரிய மாட்டேங்குது’ என்று வந்து நின்றான். அந்தப் புள்ளி இன்றும் அவன் வலது கண்ணில் இருக்கிறது. அந்த டெலஸ்கோப்பை நாங்கள் மூத்தவர்கள்தான் முன்பே பூட்டி வைத்திருக்க வேண்டும்.

திடீர் வெளிச்சம், ‘டப்’ என்ற சத்தம், பார்வையில் மிதக்கும் கறுப்பு நூல்கள், சிவந்த மங்கல், நடுவில் ஓட்டை மாதிரி ஒரு புள்ளி, இவற்றில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். கண்ணைத் தேய்க்க வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். விழித்திரை மருத்துவர் பாவையை விரித்துப் பார்ப்பார், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படம் எடுப்பார். லேசர் பட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கண் சிவப்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கூடாரத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். கோடுகள் நெளிந்தாலோ, சில கட்டங்கள் காணாமல் போனாலோ உடனே கிளம்புங்கள். கோடுகள் நேராகத் தெரிந்தாலும் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். இந்தச் சோதனைக்குத் தப்பும் காயமும் உண்டு.

ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே ஒரு முறை கண் பரிசோதனை செய்து, அறிக்கையைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஏதாவது தெரிந்தால் பழசா புதுசா என்று பிரிக்க அது உதவும். சுபேதாரின் மருமகன் கிளம்புவதற்கு முந்தின வாரமே எடுத்துவிட்டான்.

பட்டவரை அனுப்பிய கையோடு எழுதி வைக்க வேண்டியவை: எந்தக் கருவி, எந்த அலைநீளம், எந்த நிலையில் சுவிட்ச், எவ்வளவு தூரம், யார் எங்கே நின்றார்கள், வெறும் கண்ணா பைனாகுலரா, எந்தக் கண்ணாடி மாட்டியிருந்தார். அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் உறையில் போடுங்கள். கருவியைச் சுவிட்ச் எதையும் மாற்றாமல் பேட்டரியை மட்டும் கழற்றிப் பூட்டுங்கள். வெளியீட்டு ஆற்றலை அளந்து முடிக்கும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது.